தூத்துக்குடிக்கு நடந்துபோன பதினான்கு பெட்டிகள்

எங்கள் வீட்டுச் சாமான்கள் பதினான்கு அட்டைப்பெட்டிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பிப் போன அந்த ஆனி மாதத்தில், திருப்பூரிலிருந்து தாராபுரம் வரைக்கும் எல்லாரும் என் வீட்டுக்காரரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள், நான் ஒருத்திதான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், அதையும் சத்தமில்லாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

சத்தமில்லாமல் திட்டுவது எனக்குக் கைவந்த கலை. வெள்ளியங்காட்டில், எட்டு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற லைன் வீட்டில், நாலாவது வீட்டில் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தவள் நான். ஒரே அறை, அதில் ஒரு மூலை அடுப்படி, எட்டு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா பூண்டு உரித்தால்கூட எனக்குக் கேட்கும் என்றால், நான் பேசுவது அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி வந்த மறுநாள், நான் கொஞ்சம் குரலை உயர்த்தியதற்கு நாலு பேர் கதவுக்கு வெளியே வந்து நின்று என்ன ஏது என்று விசாரித்தார்கள். அன்றிலிருந்து நானும் அவரும் சண்டையைக்கூடக் கிசுகிசுவென்றுதான் போட்டோம். மகளைப் பெற்று, வளர்த்து, பெருந்துறையில் கட்டிக்கொடுத்தது வரைக்கும் நான் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கத்தியதில்லை. கத்த வேண்டிய விஷயம் இல்லாமல் இல்லை.

அதனால்தான், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு தனி வீடு வாடகைக்கு வருகிறது, நாலு பக்கமும் காலி இடம், இரண்டு அறை, ஜன்னல் வைத்த சமையலறை, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கறாரான மனுஷன். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள், வீடு ஒரு மாசம் பூட்டிக் கிடக்கும் என்பதால், ஆனி முப்பதாம் தேதி காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்த கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சியே ஆக வேண்டும் என்றார். ஒன்பது மணிக்குள் நாங்கள் வரவில்லை என்றால், அதே முகூர்த்தத்துக்கு இன்னொரு குடும்பமும் கேட்டிருக்கிறது, சாவி அவர்களுக்கு. நான் சரி என்றேன். இருபத்திரண்டு வருஷம் காத்தவளுக்கு ஒரு முகூர்த்தத்தைப் பிடிக்கத் தெரியாதா என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர். மூட்டை கட்டி ஏற்றி இறக்கித் தருகிற ஆட்களிடம் நான் விசாரித்து, அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு, டேப்புக்கு இவ்வளவு, கொப்புளம் வைத்த பிளாஸ்டிக் தாளுக்கு இவ்வளவு என்று அவர்கள் சொன்னதை வந்து சொன்னபோது, மனுஷனுக்கு முகமே மாறிவிட்டது.

"நானே பேக்கிங்காரன். நான் போயி இன்னொருத்தனுக்குக் காசு குடுத்து அட்டைப்பெட்டி வாங்கறதா?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி குடோனிலிருந்து பதினான்கு பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார், எல்லாம் சும்மா. எட்டு மாசத்துக்கு முன்னால் கேன்சலான ஒரு ஆர்டருக்காக அடித்த பெட்டிகள். வழி தூத்துக்குடி, சேருமிடம் ராட்டர்டாம் என்கிற ஏதோ வெளிநாட்டுத் துறைமுகம் என்று மூன்று பக்கமும் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது. ஆர்டர் கைவிட்டுப் போனதும் பெட்டிகள் அப்படியே குடோன் மூலையில் கிடந்தன. அந்த எழுத்தை அடித்துவிட்டால் என்ன, பார்க்க ஒரு மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டேன். பதினான்கு பெட்டி, பெட்டிக்கு மூன்று பக்கம், ஒரு மார்க்கர் முழுசாகக் காலியாகிவிடும், எதற்கு வீணாக்குவது என்றார். இதை நான் பிற்பாடு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை, ஒருத்தரும் அவர் மேல் தப்பு என்று சொல்லவில்லை, மார்க்கர் விக்கிற விலைக்கு அவர் சொல்றது சரிதானே என்றுதான் சொன்னார்கள்.

பேக்கிங் என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் என் பழைய நைட்டிகளை மடித்து வைத்தார், டம்ளர்களை ஒவ்வொன்றாகக் காலுறைக்குள் திணித்தார், மிக்ஸி ஜாரைச் சுற்றிக் கம்பெனியில் அள்ளிவந்த பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றினார், அரிசியை அண்டாவுக்குள்ளும் அண்டாவைப் போர்வைக்குள்ளும் போட்டார், காலி என்று ஒரு இடம் விடவில்லை. சாமி படம், பால் காய்ச்சுகிற பாத்திரம், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், என் மூக்குக் கண்ணாடி எல்லாம் உள்ளே போயின. கம்பெனியில் செய்கிற மாதிரியே பதினான்கில் ஒன்று, பதினான்கில் இரண்டு என்று எண் எழுதினார், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று லிஸ்ட் எழுதி முதல் பெட்டி மேல் ஒட்டினார். கடைசி நாளில் வண்டி வாடகை ஏறிவிடும் என்று இதையெல்லாம் நாலு நாள் முன்னாலேயே, ஆனி இருபத்தாறாம் தேதி காலையிலேயே முடித்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் கம்பெனியில் ஒரு லாட் சரக்கு கிளம்பும்போது ஒரு வழக்கம் உண்டு. பெட்டிகளை வரிசையாக அடுக்கி, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, முதல் பெட்டியைத் தொட்டு, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றுவார்கள். இருபது வருஷத்துக் கைப்பழக்கம். அவர் எங்கள் வீட்டுப் பெட்டிகளுக்கும் சூடம் காட்டினார், தேங்காய் உடைத்தார், தொட்டுச் சொன்னார். அப்போது மணி எட்டரை, கம்பெனிகளில் சங்கு ஊதுகிற நேரம். சங்கு ஊதி ஓய்ந்ததும் முதல் பெட்டி தரையோடு தரையாக வாசற்படியைத் தாண்டியது, அதன் பின்னால் இரண்டாவது, அதன் பின்னால் மூன்றாவது, இப்படியே பதினான்கும் எண் தவறாமல் முடுக்கைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தாராபுரம் ரோட்டில் ஏறித் தெற்கே திரும்பின.

லைன் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எட்டு மாசமாய்ப் போகக் காத்துக்கிடந்த பெட்டிகள், சூடம் காட்டினால் போகாமல் என்ன செய்யும் என்று மல்லிகா அக்கா சொன்னாள், மற்றவர்கள் ஆமாம் என்றார்கள், அவ்வளவுதான் அதைப் பற்றிய ஆராய்ச்சி. பிறகு குழாயில் தண்ணீர் வந்தது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நாங்கள் பெட்டிகளின் பின்னால் ஓடினோம். ஓட வேண்டிய அவசியமே இல்லை, வயசான எருமை நடக்கிற வேகத்தில்தான் அவை போயின. கையால் பிடித்து நிறுத்தினால் கையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போயின. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைக் கூப்பிட்டு ஏற்றினோம். இந்தப் பக்கம் ஏற்ற ஏற்ற, அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக இறங்கி வரிசையில் சேர்ந்துகொண்டன, ஏறாத சவாரிக்கும் வெயிட்டிங் உண்டு என்று டிரைவர் காசு வாங்கிக்கொண்டு போனான். அட்ரஸ் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் பெருமாநல்லூர் ரோடு என்று எழுதினோம். அந்த அட்ரஸைச் சுமந்துகொண்டே தெற்கே போயின. ஏழாம் நம்பர் பெட்டியைப் பிளேடால் கிழித்து மிக்ஸியை வெளியே எடுத்தேன். மிக்ஸி என் கையை விட்டு இறங்கி, வயரைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தாராபுரம் ரோட்டில் தனியாகப் போக ஆரம்பித்தது. அடிப்பக்கம் கீறல் விழுமே என்று என் வீட்டுக்காரர் அதைப் பிடித்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, அடித்துக்கொண்டேன்.

கம்பெனிப் பெட்டிகள் ஆனதால் கம்பெனி நேரத்தைத்தான் அவை கடைப்பிடித்தன. பதினொரு மணிக்கு டீ பிரேக், ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி டீ, இரவு எட்டரைக்கு, பன்னிரண்டு மணி நேரமான ஒன்றரை ஷிஃப்ட் முடிந்ததும் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே புளியமரத்தடியில் நின்றுவிடும். கோவில்வழியில் டிராஃபிக் போலீஸ்காரர் எங்களை நிறுத்தி, பெட்டிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், இடது ஓரமாகப் போகச் சொல்லுங்கள் என்றார், கடைசிப் பெட்டிக்குப் பின்னால் சிவப்புத் துணி கட்டாதது தப்பு என்று ஒரு துணியும் கொடுத்தார். இன்றைக்கு நின்றுவிடும், நாளைக்கு நின்றுவிடும் என்று நினைத்துத்தான் நான் நடந்தேன்.

இரண்டாம் நாள் மல்லிகா அக்கா அவிநாசிபாளையத்துக்குப் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். என் மேல் இரக்கப்பட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையில் ஒரு கட்டைப்பை இருந்தது.

"போற வழிதானே வசந்தாமணி, தாராபுரத்துல எங்க நாத்தனார்கிட்ட இதக் குடுத்துடு. பார்சல் ஆபீஸ்ல ஒரு பைக்கு என்ன கேக்கறாங்க தெரியுமா?" என்றாள்.

பையை மூன்றாம் நம்பர் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். சூடம் காட்டாத சாமான் ஆனதால் அது பேசாமல் உட்கார்ந்து வந்தது. அதை வழியில் பார்த்தவர்கள் எல்லாருக்கும் யோசனை பிறந்தது. ஒருத்தர் திண்டுக்கல்லுக்கு ஒரு மூட்டை பருத்திக்கொட்டை, ஒருத்தர் ஒட்டன்சத்திரத்துக்கு இரண்டு டின் நல்லெண்ணெய், மகனுக்கு ஊறுகாய், சம்பந்திக்குப் பலகாரம், கோவிலுக்கு நேர்ந்துகொண்ட மணி. குண்டடத்தில் நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே ரோட்டோரத்தில் பையும் கையுமாக வரிசை கட்டி நின்றார்கள். என் வீட்டுச் சாமான் என்னை விட்டுப் போகிறது, நான் அதன் பின்னால் ஊரார் பலகாரத்தைக் காவல் காத்துக்கொண்டு நடக்கிறேன். இதில் ஒரு கிழவர், ஒன்பதாம் நம்பர் பெட்டி சொன்ன நேரத்துக்கு வரவில்லை, என் கத்தரி நாற்று வாடிவிட்டது, உங்களை நம்பி எப்படிக் கொடுப்பது என்று என்னைப் பிடித்துக்கொண்டார். யாரும் நேரம் சொல்லவில்லையே என்றேன். அப்படிப் பொறுப்பில்லாமல் பேசக்கூடாது என்றார்.

என் வீட்டுக்காரருக்கோ முகத்தில் களை கூடிக்கொண்டே போனது. டீ பிரேக்கில் பெட்டிகள் நிற்கும்போது ஜனங்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, வீடு மாற்றும்போது பேக்கிங் செலவை எப்படிக் குறைப்பது என்று கேட்டார்கள். அவர் சொன்னார். மருந்துக்கடைப் பெட்டி கெட்டி, மளிகைக்கடைப் பெட்டியில் எறும்பு வரும், முட்டை வைக்கிற அட்டையில் டம்ளர் உட்காரும், போர்வையும் துணியும் எப்படியும் வரத்தானே போகிறது, அதையே சுற்றினால் தாள் எதற்கு. ஒரு பள்ளிக்கூட டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். பதினான்கு பெட்டியும் குலுங்காமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே, என்ன கட்டு, என்ன கட்டு என்று புகழ்ந்தார்கள். வீடு மாறினீர்களா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் மார்க்கர் மிச்சம் பிடித்ததையும் சொன்னார், அதற்கும் தலையாட்டினார்கள். 

நாலாம் நாள், ஆனி இருபத்தொன்பது, நாலு மணி டீ பிரேக்குக்குத் தாராபுரத்தில் அமராவதிப் பாலத்துக்கு முன்னால் பெட்டிகள் நின்றன. மல்லிகா அக்காவின் நாத்தனார் வந்து கட்டைப்பையை வாங்கி, பிரித்துப் பார்த்து, முறுக்கு நொறுங்கிவிட்டது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். அவள் போனதும் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் வழக்கம்போல் காதோடு சொன்னேன்.

"ஏனுங்க, நாளைக்குக் காலைல முகூர்த்தம். வாங்க, திரும்பிப் போயிரலாம்."

"பெட்டிய விட்டுட்டு எப்படி வர்றது வசந்தா? இருவத்திரண்டு வருசத்துச் சாமான்."

"இருவத்திரண்டு வருசமா நான் எதுக்குக் காத்துட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீ பிரேக் முடிந்து முதல் பெட்டி அசைந்தது, இரண்டாவது அசைந்தது, யாரோ ஒரு அம்மா ஓடிவந்து மதுரைக்கு ஒரு பொட்டலம் என்று நீட்டினாள், அவர் எழுந்துபோய் அதை வாங்கிச் சரியாமல் வைத்தார், வைத்த கையோடு பாலத்தில் ஏறிவிட்டார். திரும்பிப் பார்த்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நடந்துகொண்டேதான் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அதைக்கூடச் சத்தமில்லாமல் அழுதுவிட்டு, திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பாத்திரக் கடையில் ஒரு பாத்திரம், ஒரு டம்ளர், பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் பால், தீப்பெட்டி, மஞ்சள், உப்பு வாங்கிக்கொண்டு எட்டே முக்காலுக்குப் பெருமாநல்லூர் ரோட்டு வீட்டு கேட்டில் இறங்கினேன். அந்த இன்னொரு குடும்பம் லாரியோடு ஏற்கெனவே வந்து நின்றது. அழகான புதுப்பெட்டிகள், கொப்புளத்தாள் சுற்றிய பீரோ. அந்த வீட்டம்மா கையில் பால் பாத்திரத்தோடு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாமானே இல்லாதவங்களுக்கு வீடு எதுக்குங்க என்று வாத்தியாரிடம் கேட்டாள். வாத்தியாரும், சாமான் எங்கேம்மா என்றார். தூத்துக்குடிக்குப் போயிருக்கிறது என்றேன். ஓ, அது நீங்கதானா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்க சின்ன மகனுக்கு ஒரு பை குடுத்துவிட்டிருப்பேனே என்று வருத்தப்பட்டார், வாட்சைப் பார்த்தார், இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்றார். கறாரான மனுஷனிடம் ஒரு நன்மை உண்டு, பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான், ஒன்பது நிமிஷத்தில் சாவியை மாற்றிக் கொடுக்கமாட்டார். காலி இடத்தில் கிடந்த மூன்று செங்கல்லைச் சமையலறையில் வைத்து, தென்னை ஓலையைத் திணித்து, ஊது ஊதென்று ஊதினேன். எட்டு ஐம்பத்தெட்டுக்குப் பால் பொங்கியது. லாரி திரும்பிப் போனது.

சாமான் இல்லாமல் இருந்தால் மனசு லேசாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்குச் சமைத்துப் பழக்கமில்லை. எனக்கு ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு வேளையும் தேவைப்பட்டது. கேஸ் வாங்கக் கேஸ் புத்தகம் வேண்டும், புத்தகம் ஐந்தாம் நம்பர் பெட்டியில் திண்டுக்கல்லைத் தாண்டிக்கொண்டிருந்தது. அரிசி வாங்க ரேஷன் கார்டு வேண்டும், அதுவும் அங்கேதான். மூக்குக் கண்ணாடி எந்தப் பெட்டி என்று லிஸ்டைப் பார்த்தால் தெரியும், லிஸ்ட் முதல் பெட்டி மேல் ஒட்டியிருக்கிறது. தலை ஆடிக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு வெறும் தரையில் துண்டு விரித்துப் படுத்தார், நான் வெட்கத்தில் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் எட்டரைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் யாராவது ஒருத்தர் போனிலிருந்து கூப்பிட்டு, மதுரையில் மாலை போட்டார்கள், கோவில்பட்டியில் கடலைமிட்டாய் ஏற்றினார்கள் என்று சொல்வார். நான் ம் என்பேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் அந்த ம் சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

தாராபுரத்தில் நான் பஸ் ஏறியதிலிருந்து இருபத்தைந்தாம் நாள் மத்தியானம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. வெயிலில் கறுத்து, செருப்பு ஒரு பக்கம் தேய்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் நின்றார். உள்ளே வரலாமா என்று தெரியாத ஆள் மாதிரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் நல்லபடியாக் கப்பல் ஏறிருச்சு," என்றார். "இவ்வளவு சுத்தமான பேக்கிங்க நான் பார்த்ததே இல்லைன்னு அங்க ஒரு ஆபீசரே சொன்னாரு. ஒரு டம்ளர்கூட உடையல வசந்தா."

வீட்டில் இருந்த ஒரே டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார். தொண்டை நனைந்து டம்ளரைக் கீழே வைக்கும்வரைக்கும் பொறுத்திருந்தேன், பிறகு ஆரம்பித்தேன். மார்க்கரிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது வார்த்தையிலேயே அவர் சுவரைப் பார்த்துவிட்டுக் கையால் அமர்த்தினார்.

"மெதுவா, மெதுவா. பக்கத்துல கேக்கும்."

"பக்கத்துல யாரும் இல்லீங்க," என்றேன். "இதுக்குத்தான் நான் வந்தேன்."

என் குரல் அவ்வளவு பெரிசு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மார்க்கரை முடித்துப் பாலத்துக்கு வந்தேன், பாலத்தை முடித்து இருபத்திரண்டு வருஷத்துக்கும் பின்னால் போய், கல்யாணத்துக்கு மறுநாள் பாதியில் நிறுத்திய சண்டையை விட்ட இடத்திலிருந்து பிடித்தேன். பாதியில் அவரும் நிமிர்ந்து நின்று, அவர் பங்குக்குக் கத்த ஆரம்பித்தார். ஒரு சாமான் இல்லாத வீடு ஆனதால், நாங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்து, எங்களுக்கே இன்னொரு தடவை கேட்டது.